சிங்கப்பூர் ஆறு: பத்து ஆண்டுக் கெடு

சிங்கப்பூர் ஆற்றைப் படங்களில் பார்ப்பவர்கள் அது எப்போதும் இவ்வளவு சுத்தமாகத்தான் இருந்தது என்று நினைக்கலாம். உண்மை அதுவல்ல. 1819-இல் ராஃபிள்ஸ் வந்திறங்கியது முதல் அந்த ஊரின் வியாபாரத்தில் பெரும்பகுதி நெடுங்காலம் இந்த ஆற்றங்கரையில்தான் நடந்தது. கடலில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே தொங்கான் என்ற படகுகள் சரக்கு ஏற்றிச் சென்றன. ஆரம்பத்தில் அவற்றை ஓட்டியவர்களில் பலர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள்! பிறகுதான் அந்தத் தொழில் சீனர்கள் கைக்கு மாறியது.

ஒன்றரை நூற்றாண்டில் ஆறு சாக்கடையாகிவிட்டது. படகுகளின் எண்ணெய், தெருவோர உணவுக் கடைகளின் கழிவு, கழிப்பறை இல்லாத குடிசைகள், பக்கத்துக் கல்லாங் ஆற்றுப் பகுதியில் பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள்... எல்லாம் தண்ணீரில்தான் கலந்தன. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் இந்த இரண்டு ஆறுகளிலும் மீன் பிடிக்க முடியவேண்டும் என்று கெடு வைத்தார்.

நாம் கவனிக்க வேண்டியது, வேலை நடந்த வரிசையைத்தான். முதலில் தூர் வாரவில்லை. கழிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். வந்தது மனிதர்களின் வீட்டிலிருந்தும் பிழைப்பிலிருந்தும். ஆகவே இது வீட்டுவசதிப் பிரச்சினை ஆனது. சுமார் 26,000 குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன, பெரும்பாலும் அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு. ஏறக்குறைய 5,000 தெரு வியாபாரிகளுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களில் இடம் கிடைத்தது. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1983-இல் சுமார் 800 தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங் பகுதிக்கு அனுப்பப்பட்டன. கன்டெய்னர் துறைமுகம் 1972-லேயே வந்துவிட்டதால் படகுத் தொழில் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றின் அடியில் கிடந்த சேற்றை அள்ளியது இதற்கெல்லாம் பிறகுதான்.

1987-இல் கெடு முடிந்தது, ஆற்றில் மீன்களும் திரும்பியிருந்தன. 1989-இல் கரையோரப் பழைய கடைவீடுகள் இடிக்கக்கூடாத பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. ஆனால் உள்ளே வந்தவை உணவகங்களும் மதுக்கடைகளும்தான். மூட்டை சுமந்தவர்களும் வட்டிக்கடைச் செட்டியாரும் இன்று கரையில் வெண்கலச் சிலைகளாக இருக்கிறார்கள். கட்டடத்தைக் காக்கச் சட்டம் இருந்தது, அதற்குள் நடந்த தொழிலைக் காக்க இல்லை. பன்றி வளர்த்தே பழகிய குடும்பம் ஒரு மாடி வீட்டில் என்ன செய்து பிழைக்கும்? நஷ்ட ஈடு அதற்கு முழுப் பதில் ஆகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பலனும் பின்னால் வந்தது. 2008-இல் முகத்துவாரத்தில் மரினா அணை திறக்கப்பட்டது. கடல்நீர் உள்ளே வருவது நின்று, சொந்த நீர்வளம் குறைந்த அந்தத் தீவுக்கு இந்த ஆறு குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.