காதற்கதையும் கடைச் சிப்பந்திகளும்

பெற்றோரை இழந்த இளம்பெண் ஒருத்தி, தம்பியர் இருவரை அழைத்துக்கொண்டு மாநகர் சேர்கிறாள். பெருங்கடையொன்றில் வேலைக்கமர்கிறாள். ஈற்றில் அக்கடையின் முதலாளியே அவள் கரம்பற்ற இரந்து நிற்கிறான். இவ்வளவில் நோக்கின், பொழுதுபோக்குச் சஞ்சிகைகள் வெளியிடும் காதற்கதைகளுள் இதுவும் ஒன்றெனவே தோன்றும். ஆயின் இதனைப் படைத்தவர் எமிலி சோலா. ‘பெண்களின் இன்பம்’ எனப் பொருள்படும் தலைப்புடன் 1883இல் நூலுருப் பெற்ற இந்நாவல், அவரது ‘ருகோன்-மக்கார்’ வரிசையின் இருபது நாவல்களுள் பதினோராவதாகும். துயரமே மேலோங்கிய அவ்வரிசையில், மகிழ்ச்சியான முடிவினால் இது தனித்து நிற்கிறது.

வலோஞ் என்னும் சிற்றூரிலிருந்து பாரிஸுக்கு வரும் தெனீஸின் பயணம் தனியொருத்தியின் பயணமன்று. புகையிரதம் நாட்டுப்புறத்தாரைத் தலைநகரிற் கொண்டுவந்து குவித்த காலம் அது. 1853 முதல் ஓஸ்மானின் திட்டப்படி பழைய குறுந்தெருக்கள் இடிக்கப்பட்டு, அகன்ற வீதிகள் எழுந்தன. 1852இல் ‘பொன் மார்ஷே’ கடையிற் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிக்கோ, பேரம் பேசாத நிலையான விலை, குறைந்த இலாபம், விரைந்த விற்பனை ஆகியவற்றால் வணிகத்தின் முறையையே மாற்றினார். சோலா 1882இல் அக்கடைக்கு நேரிற் சென்று, குறிப்பெடுத்தே எழுதினார்.

எனவே காதலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இயங்குவதைக் காண்கிறோம். எதிரேயுள்ள பெருங்கடையின் ஒளியில் தெனீஸின் சிறிய தந்தையாரது துணிக்கடை இருளடைகிறது. விற்பனை குன்றும் பருவத்திற் சிப்பந்திகள் கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்படுகின்றனர். கூரையின் கீழுள்ள சிற்றறைகளிற் பெண்கள் துயில்கின்றனர். இவற்றையெல்லாம் அனுபவித்தவளாதலின், தன் செல்வாக்கு வளர்ந்தபோது தெனீஸ் முதலாளியிடம் சிப்பந்திகளுக்காகப் பரிந்து பேசுகிறாள். பணிநீக்கத்திற்குப் பதிலாக விடுமுறையும், ஊழியர்க்கு உதவிநிதியும் உருவாகின்றன.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நாவலில் நன்மைகள் காதலின் கொடையாக வருகின்றன. வரலாற்றிலோ அவை அவ்வாறு வரவில்லை. 1869இற் பாரிஸின் கடைச் சிப்பந்திகள் பன்னிரண்டு மணிநேர வேலைநாளும் ஞாயிறு ஓய்வும் கோரி வேலைநிறுத்தஞ் செய்து, தோல்வியுற்றனர். பூசிக்கோ சேமநிதியை ஏற்படுத்தியது 1876இலாகும். கடைப் பெண்கள் அமர்வதற்கு இருக்கை வழங்கும் சட்டம் 1900இலும், வாராந்த ஓய்வுச் சட்டம் 1906இலுமே பிறந்தன. தெனீஸ் ஓரிரு ஆண்டுகளிற் பெற்றவற்றிற் சில, உண்மைத் தெனீஸ்களுக்கு ஒரு தலைமுறை கழிந்த பின்னரே கிட்டின.

இதனைக் கூறுவது சோலாவைக் குறைகூறுதலாகாது. கடையென்னும் இயந்திரத்தை அவரளவு துல்லியமாக வரைந்தோர் சிலரே. அவர் தந்த சான்றுகளைக்கொண்டே அவரது முடிவையும் நாம் வினவுகிறோம்.

விற்பனைப் பெண்கள் அமர உரிமை வேண்டுமென்ற குரல் புடைவைக் கடைகளிலிருந்து எழுந்தமையாற்றான், 2018இற் கேரளத்திலும் 2021இற் தமிழ்நாட்டிலும் இருக்கைச் சட்டங்கள் வந்தன. முதலாளி மனங்கனியும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கதையின் மணக்கோலத்தைக் கண்டு நாமும் மகிழலாம். ஆயினும் அன்றிரவு கடை மூடியபின், கால் கடுக்க நின்ற ஏனைய பெண்கள் எங்கே சென்றனர் என்ற வினாவுடன் நூலை மூடுவோமாக.