உலைக்கு முன் எடுத்த பங்கு

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில், கடலை எட்டுவதற்குச் சில கட்டை தூரத்துக்கு முன்னே, முள்ளியவளையோடு ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் தண்ணீரூற்று, வழிப்போக்கருக்கு வன்னியின் நெல்விளையும் ஊர்களுள் ஒன்றாகவே தோன்றுமாயினும், ஈகையின் சரித்திரத்தை ஆராயப் புகுவோருக்கு மூன்று சமயங்களின் தருமக் கணக்கையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வாய்ப்பளிக்கும் இடமாகும். ஊற்றங்கரைப் பிள்ளையாரை வணங்கும் சைவர்கள், அயலூரான வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் நிகழும் பொங்கலுக்குப் பாக்குத் தெண்டல் என்னும் சடங்கோடு ஆயத்தம் தொடங்குவர். அங்கே கொடுப்பதற்கு விகிதமில்லை, கொடாதிருப்பதற்குத்தான் மனம் வாராது. இவ்வூரில் நெடுங்காலமாக வாழ்ந்துவந்த முஸ்லிம்களுக்கோ ஸகாத் என்னும் கடமை தெளிவான கணக்கோடு விதிக்கப்பட்டது: குறித்த அளவைக் கடந்து ஓராண்டு கையிருப்பில் நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, மழையால் விளைந்த தானியத்தில் பத்தில் ஒன்று, உழைத்து நீர்பாய்ச்சி விளைத்ததில் இருபதில் ஒன்று. உழைப்புக் கூடினால் கடமை குறையும் என்ற அந்த நியாயம், குளத்து நீரையும் வானத்து நீரையும் நம்பிப் பயிரிடும் வன்னி விவசாயிக்கு எளிதில் விளங்குவது.

கிறிஸ்தவருக்கு வேதத்திலே வாசிக்கக் கிடைத்த அளவு தசமபாகம். ஆனால் பத்தில் ஒன்று என்ற விகிதம் இந்நாட்டு உழவனின் செவியில் முதலில் ஒலித்தது பிரசங்க பீடத்திலிருந்து அன்று. பிரித்தானியர் ஆட்சியில் நெல்விளைவின்மேல் விதிக்கப்பட்ட வரிக்கும் பொதுவாகப் பத்தில் ஒன்றே அளவாக இருந்தது. அதனைத் தண்டும் உரிமை குத்தகைக்காரருக்கு ஏலத்தில் விடப்பட்டமையால், களத்திலே சூடடித்த நெல்லைக் குத்தகைக்காரன் வந்து மதிப்பிடும்வரை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாமல் உழவன் காத்திருக்க நேர்ந்தது. மலைநாட்டில் வரிகட்ட இயலாதோரின் வயல்கள் விற்கப்பட்ட கொடுமையை லெ மெசூரியர் என்ற அரசாங்க அதிகாரியே வெளிப்படுத்தினார். பெருங் கண்டனத்துக்குப் பின் அவ்வரி 1892 ஆம் ஆண்டோடு நீங்கிற்று. ஆகையால், தேவனுக்குரிய பத்தில் ஒன்றைப்பற்றி உபதேசியார் பேசியபோது, கேட்டவர் சிலருக்கேனும் குத்தகைக்காரனின் முகமும் நினைவில் எழுந்திருக்கக் கூடும்.

அன்றியும், கொடுத்துத் திருச்சபையை நடத்தவேண்டும் என்ற எண்ணமே இப்பிரதேசத்துக்குப் பிற்காலத்தில் வந்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில் போதகருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. ஞானஸ்நானம் உத்தியோகத்துக்கும் வாரிசுரிமைக்கும் வாயிலாக இருந்ததேயன்றி, சபையாரின் மனமுவந்த காணிக்கை சபையின் ஜீவனாடியாக இருந்ததில்லை. பிரித்தானியர் காலத்தில் 1814 இல் மெதடிஸ்த மிஷனும், 1816 இல் அமெரிக்க மிஷனும், 1818 இல் அங்கிலிக்கச் சபையின் சி.எம்.எஸ். மிஷனும் யாழ்ப்பாணத்தில் கால்கொண்டபோது, கம்பெனியின் இடத்தை அந்நிய தேசத்து விசுவாசிகளின் நன்கொடை பெற்றது. வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு, அவர்களைத் தாங்கிய அமெரிக்க உபகாரிகளின் பெயர்களே சூட்டப்பட்டன. சென்னைச் சர்வகலாசாலையில் 1857 இல் முதன்முதலாகப் பட்டம் பெற்ற இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளைக்கு ‘கறல்’ என்ற பெயர் அமைந்ததும், நைல்ஸ், எவார்ட்ஸ் முதலிய பெயர்கள் யாழ்ப்பாணக் குடும்பப் பெயர்களாக நிலைத்ததும் இவ்வழக்கின் பயனே. ஈந்தவன் பெயர் ஏற்றவன் மேல் எழுதப்பட்ட காலம் அது.

அந்த நிலை நெடிது நிற்கவில்லை. 1855 இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்வையிட்டு, சுதேச சபைகள் தம்மைத் தாமே தாங்கவும், ஆளவும், பரப்பவும் வேண்டும் என்ற கொள்கையை வற்புறுத்தியதும், வட்டுக்கோட்டைச் செமினறி அவ்வாண்டிலேயே மூடப்பட்டதும், சில ஆண்டுகளில் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் அங்கிருந்து வரும் பணத்தை இறுக்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் அதற்கு முன்னரே, 1847 இல், தமக்கெனச் சுவிசேஷ சங்கம் ஒன்றைத் தொடங்கித் தீவுப்பகுதிகளில் ஊழியம் நடத்தப் பொருள் திரட்டியிருந்தனர். இனிச் சொந்தப் போதகருக்கும் அவர்களே சம்பளம் கொடுக்கவேண்டும் என்றாயிற்று. அந்தப் பொருள் எந்த வீட்டிலிருந்து, யாருடைய கையிலிருந்து வருவது என்பதே அடுத்து எழுந்த கேள்வி.

அக்காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவ இல்லம் பெரும்பாலும் ஒருவர் சம்பாத்தியத்தில் நடந்த இல்லம். கணவன் மிஷன் பாடசாலையில் உபாத்தியாயராகவோ, உபதேசியாராகவோ, கச்சேரியில் எழுதுவினைஞராகவோ இருப்பான். 1869 இல் அரசாங்க கல்வித் திணைக்களம் ஏற்பட்டபின் வந்த உதவி நன்கொடை முறையில், மாணவர் பரீட்சையில் தேறுவதைப் பொறுத்தே பாடசாலைக்குப் பணம் கிடைத்தமையால், வாத்தியார் வீட்டு அடுப்பு எரிவதும் பிள்ளைகளின் மனக்கணக்குப் பிழையாதிருப்பதும் தொடர்புடைய காரியங்களாயின. மனைவி வயலில்லாத வீட்டில் அரிசிக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், பெண்ணின் சீதனத்துக்கும் அந்த ஒரே வரவைப் பங்கிட்டு நடத்தினாள். தசமபாகம் கொடுக்கும் வீட்டிலும், கொடுத்தவராகச் சபைக் கணக்கில் எழுதப்பட்டவர் சம்பளம் வாங்கிய ஆண்மகனே.

இங்கே சட்டத்துக்கும் நடப்புக்கும் இருந்த இடைவெளி கவனிக்கத்தக்கது. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைப்படி, விவாக காலத்தில் தேடிய தேட்டம் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது. ஆனால் அதனை நிர்வகிக்கும் அதிகாரம் கணவன் கையில் இருந்தது. பாதிக்கு உரியவளான மனைவியின் கையில், காணிக்கைத் தட்டில் இடுவதற்குச் சொந்தமாக ஒரு சதம் இல்லாதிருப்பது இயல்பாயிற்று. வீட்டின் பொருள்களுள் நாள்தோறும் அவள் கட்டளைப்படி மட்டும் அளக்கப்பட்டது ஒன்றுண்டு. அது உலைக்கு இடும் அரிசி. ஈகையின் சரித்திரம் அவளை அங்கேயே வந்து சந்தித்தது.

பிடியரிசி கிறிஸ்தவர் கண்டுபிடித்த புதுமையன்று. கோயிலுக்கும் மடத்துக்கும் வீடுதோறும் பிடியரிசி எடுத்துவைப்பது தமிழரிடையே பழைய தருமம். இருபதாம் நூற்றாண்டில் காஞ்சிச் சங்கராசாரியரான சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் ஊக்குவித்த பிடியரிசித் திட்டமும் அவ்வழியில் வந்ததே. மிஷன் சபைகளின் பெண்கள் அந்தப் பழைய வழக்கைத் தம் விசுவாசத்துக்கு வசப்படுத்திக்கொண்டனர். சுண்டினால் அரிசியை அளந்து சுளகில் இட்டபின், களைவதற்கு முன், ஒரு பிடியை எடுத்து அடுப்படியில் வைத்த சிறு முட்டியில் இடுவர். நிறைந்த முட்டி சபைக்குப் போகும். அங்கே சேரும் அரிசி விற்கப்பட்டு ஊழியத்துக்கும், வீடுவீடாகச் சென்று பெண்களுக்கு வாசித்துக்காட்டும் வேதாகமப் பெண்களின் சம்பளத்துக்கும், ஏழைகளின் சகாயத்துக்கும் ஆகும். புழுங்கலும் பச்சையும், மொட்டைக்கறுப்பனும் வெள்ளையும் கலந்த அந்த அரிசிக்குச் சந்தையில் நல்ல விலை கிடையாது. குறைந்த விலைக்கு வாங்கிய வறியவனுக்கு அதுவும் ஓர் உபகாரமாயிற்று.

இந்த வழக்கத்தின் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்த்தல் வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி ஆக்கப்படுமாயின், ஐம்பது கிராம் கொள்ளும் ஒரு பிடி அதில் முப்பதில் ஒரு பங்கு. மாத முடிவில் முட்டியில் சேர்வது ஒன்றரைக் கிலோ, அதாவது அந்தக் குடும்பத்தின் ஒரு நாள் ஆகாரம். ஒருவரையும் ஒரு வேளையும் பட்டினி போடாமல், மாதத்தில் ஒரு நாள் உணவை அவ்வீடு பிறருக்குக் கொடுத்துவிடுகிறது. இவ்வாறு முப்பது வீடுகள் கொடுப்பின் நாற்பத்தைந்து கிலோ சேரும். அரிசி குறைவாக ஆக்கிய நாளில் பிடியும் சிறுத்துப்போகும்; உலை ஏறாத நாளில் கொடுக்கவேண்டிய கடனும் இல்லை. விருந்தினர் வந்து பானை பெரிதான நாளில் பிடியும் பெருக்கும். சம்பளத்தின் மீது விதிக்கப்பட்ட விகிதம் வீட்டில் நோயும் கடனும் வந்திருப்பதை அறியாது. அடுப்படியில் எடுத்த பிடிக்கு அது தெரியும். பஞ்சகாலத்தில் சாறிபாத் ஊரின் விதவை, தன்னிடம் எஞ்சியிருந்த பிடி மாவிலிருந்து தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக்கொடுத்த வேத சரித்திரம் இப்பெண்களுக்கு மிகவும் பிரியமாயிருந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை.

யாழ்ப்பாணத்தின் இந்தத் தன்னுதவிக்குக் கடல் கடந்தும் ஒரு விளைவு உண்டு. 1902 இல் இங்கு வந்த திருநெல்வேலியைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளால் பாக்கு நீரிணைக்கு அப்பால் தொண்டியில் ஊழியம் நடத்துவதை அறிந்து, தம்மூரார் அவ்வாறு செய்யாதிருப்பதையிட்டு வெட்கமுற்றார். மறுவருடம், 1903 பெப்ரவரி 12 ஆம் நாள், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. 1912 இல் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற அசரியா, அங்கே தெலுங்கு நாட்டின் மிக வறிய கூலித் தொழிலாளரிடையே வேலை செய்தபோது, ஏழைகளாகையால் இவர்கள் கொடுக்கவேண்டியதில்லை என்ற தாராளத்தை ஏற்கவில்லை. கொடுப்பவனுக்கே சபையில் கௌரவம் உண்டு என்று கருதி, அவர்களுடைய வீடுகளிலும் பிடியரிசிக் கலயத்தை வைப்பித்தார். அக்காலத்திலேயே, 1910 முதல், அஸ்ஸாமுக்குத் தெற்கேயுள்ள மிசோ மலைநாட்டுப் பெண்களும் இவ்வகை அரிசிக் காணிக்கையைத் தொடங்கினர். அது இன்றளவும் அங்குள்ள திருச்சபைக்குப் பெரிய வருவாயாக இருந்துவருகின்றது. ஒரே வழக்கம் இத்தனை இடங்களில் வேரூன்றியதற்குக் காரணம் எளிது: காசு புழங்காத வீட்டிலும் அரிசி இருந்தது, அரிசி இருந்த இடத்தில் பெண் இருந்தாள்.

வன்னிக்கு இவ்வழக்கம் யாழ்ப்பாணத்தாரோடு வந்து சேர்ந்தது. உத்தியோக நிமித்தம் முல்லைத்தீவுக்கும் முள்ளியவளைக்கும் வந்த ஆசிரியர்களும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களும், ஜெபப் புத்தகத்தையும் காணிக்கை முட்டியையும் உடன் கொணர்ந்தனர். கரையோரக் கத்தோலிக்க மீனவர் பிடியில் ஒரு பங்கைக் கோயிலுக்கு விடும் முறைமை இங்கே முன்னரே இருந்தது. பெரும்போக அறுவடை முடிந்தபின் நெல்லும் பூசணியும் தேங்காயும் ஆலயத்தில் குவிந்து ஏலம் போகும் அறுப்புப் பண்டிகை, விளைகிற நாட்டின் காணிக்கை; பிடியரிசியோ விளைவில்லாத மாதங்களின் காணிக்கை.

அரிசியின் விலை ஏறியபோதெல்லாம் அந்தப் பிடியின் பெறுமதியும் ஏறியது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டு, ஓகஸ்ட் 12 ஆம் நாள் தென்னிலங்கை ஹர்த்தாலில் கொதித்தெழுந்ததை எண்ணிப் பார்த்தால், ஒருவர் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பத்தில் கூப்பன் அரிசியிலிருந்து ஒரு பிடியை விலக்கிவைப்பது எத்தகைய தீர்மானம் என்பது விளங்கும். 1960 இல் அரசாங்கம் உதவி நன்கொடைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது இன்னொரு மாற்றம் நேர்ந்தது. வாத்தியார் மிஷன் முகாமையாளரின் ஆளுகையிலிருந்து நீங்கி, அரசாங்க ஊழியரானார். 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாகிப் பேராயர் சபாபதி குலேந்திரனின் தலைமையில் நடந்த பழைய அமெரிக்க மிஷன் சபைகள் உட்பட எல்லாச் சபைகளும், தம் மக்களின் மனமுவந்த ஈகையையே முன்னினும் நம்பி நிற்கலாயின.

பின்னர் வந்த நாட்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 இல் தண்ணீரூற்று முஸ்லிம்கள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரோடும் வெளியேற்றப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் முல்லைத்தீவை வாரிச் சென்றது. 2009 இல் யுத்தம் முல்லைத்தீவுக் கரையிலேயே முடிவுற்றபோது இம்மாவட்டத்து மக்கள் ஏறக்குறைய அனைவரும் வீடிழந்தவர்களாய் முகாம்களில் இருந்தார்கள். மீண்டு வந்தபோது ஒருவர் சம்பாத்தியக் குடும்பம் என்பதற்கு வேறு பொருள் உண்டாயிருந்தது. சம்பாதிக்கும் அந்த ஒருவர் பல வீடுகளில் கணவனை இழந்த பெண்ணே. வாரந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்து தவணை கேட்கும் நுண்கடன் நிறுவனங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டன. அந்தச் சுமை அரசாங்கமே 2018 இல் ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய முற்படும் அளவுக்கு வளர்ந்தது.

இத்தகைய வீட்டுக்குச் சென்று, பத்தில் ஒன்றைக் கொடு, பன்மடங்காகத் திரும்பும் என்று வாக்களிக்கும் பிரசங்கம் இந்நாளில் மலிந்திருக்கிறது. தவணைக்காரனுக்கும் தேவனுக்கும் ஒரே கணக்குப் புத்தகத்தில் பக்கம் ஒதுக்கவைக்கும் அந்த உபதேசத்துக்கு மாறாக, கொடுக்கவே வேண்டாம் என்று கருணையோடு அவளை விலக்கிவைப்பதும் நியாயமாகாது. அது அவளை என்றும் நிவாரணம் பெறுபவளாகவே நிறுத்திவிடும். பழைய அடுப்படி வழக்கத்துக்கு இவ்விரண்டு பிழையும் இல்லை. கொடுப்பவள் இவளே என்று அது அவள் பேரில் கணக்கெழுதியது. கொடுக்கும் அளவை அன்றைய உலையைப் பார்த்தே நிர்ணயித்தது. திரும்ப வருமென்று எதையும் வாக்களிக்கவில்லை. வன்னியின் சபைகள் தம் மக்களிடம் காணிக்கை கேட்க எழும்போது முன்வைக்கத்தக்க நீதி இதுவே: அவ்வீட்டில் இன்று எவ்வளவு அரிசி ஆக்கப்படுகிறது என்பதை அறிந்தபின்னரே, எவ்வளவு கொடுக்கலாம் என்று பேசத் தொடங்குதல்.