வக்கீலுக்குக் காசில்லை என்றால்

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஜீவனாம்ச வழக்குப் போட வேண்டுமாம். "வக்கீல் வைக்க வழியில்லை டீச்சர்" என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1979-இல் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பலர், குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் தண்டனையைவிட அதிக காலம் அடைபட்டுக் கிடந்தார்கள். பத்திரிகையில் அதைப் படித்த வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. இலவச சட்ட உதவி 21-ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்றது நீதிபதி பகவதி அமர்வு. 1976-இலேயே அரசியல் சாசனத்தில் 39ஏ என்று எழுதியாயிற்று. ஆனால் ஏட்டுச் சுரைக்காய்! இதற்கான சட்டம் 1987-இல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9-இல். எட்டு வருஷம் தூங்கியிருக்கிறது பாருங்கள்.

அந்தச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடியினர், குழந்தைகளுக்கும் அப்படித்தான். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். மனு கொடுத்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

திங்கட்கிழமை போகிறாளாம். ஆதார் நகலும் கல்யாணப் பத்திரிகையும் கையோடு கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.