குடும்பத்துக்கு இடமில்லாத தொழில்வழி: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம், 1996–2024

நெய்வேலியில் 1956-இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் உருவானபோது சுரங்கத்தோடு ஒரு நகரமும் எழுந்தது. குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் திட்டத்துக்குள்ளேயே இருந்தன. திருச்சி பெல் நிறுவனத்தின் கைலாசபுரமும் அப்படித்தான். தொழிலாளி குடும்பத்தோடு வருவார் என்று அந்தத் திட்டங்கள் எண்ணின. ஸ்ரீபெரும்புதூரில் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. இங்குள்ள வாடகைச் சுமையை அதன் விளைவாகவே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-இல் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர். மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிலமும் சாலையும் தண்ணீரும் தந்தது. தொழிலாளி எங்கே தங்குவார் என்ற கேள்வி உள்ளூர் வீட்டுக்காரர்களிடமும் கம்பெனி பஸ்ஸிடமும் விடப்பட்டது. வாலாஜாபாத், திருவள்ளூர் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பஸ் ஆள் ஏற்றுகிறது. வாடகை மிச்சம்தான், ஆனால் ஷிப்ட் முடிந்து பிள்ளையோடு இருக்க வேண்டிய நேரம் சாலையில் கழிகிறது.

மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம், மாத்தூர் பக்கம் லைன் வீடுகள் முளைத்தன. தமிழ்நாட்டு ஊர்களில் 'ஃபேமிலிக்கு மட்டும்' என்ற பலகை பழகிய ஒன்று. இங்கே கணக்கு தலைகீழ். ஒரே அறையில் ஐந்தாறு ஆண்கள் ஷிப்ட் மாற்றி மாற்றிப் படுத்து, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் வருகிற தொகையை, ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு குழந்தைகளை வளர்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியால் தர முடியாது. வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விளைநிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு பலருக்கு எஞ்சிய வருமானம் அதுதான்.

சட்டம் இதைத் தொட்டும் தொடாமலும் போகிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2017 சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தாண்டலாம். வீடு தேடி அலைபவர் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்! 1908 பதிவுச் சட்டத்தின் கட்டாயப் பதிவைத் தவிர்க்கப் பிறந்த 11 மாத ஒப்பந்தப் பழக்கமும் ஒழியவில்லை. பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்குகிறது. இடையில் வீடு காலியானால் பிள்ளையும் பள்ளி மாற வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி சேர்க்கை மறுக்க முடியாது. ஆனால் வெளிமாநிலத்திலிருந்து வந்த, ஒடியாவோ வங்காளமோ பேசும் குழந்தை, அப்போதுதான் பிடிபடத் தொடங்கிய தமிழோடு இன்னொரு ஆசிரியரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியொன்றில் கெட்டுப்போன உணவால், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நோயுற்றார்கள். அவர்களுடைய சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். தங்குமிடம் அரசின் பொறுப்பாகப் பேசப்பட்டது அதற்குப் பிறகே அதிகம். வல்லம் வடகாலில் சிப்காட் ரூ.706.50 கோடியில் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் 18,720 பெண்கள் தங்கலாம். விடுதித் தரையில் நெருக்கிப் படுத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்; அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் திட்டம் எண்ணுவது படுக்கைகளைத்தான். திருமணமாகிக் குழந்தை பிறந்தவுடன் அந்தப் பெண் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்.

அந்தத் திறப்புக்கு இரண்டு மாதம் முன்பு, ஃபாக்ஸ்கானின் ஐபோன் பிரிவில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஃபாக்ஸ்கான் அதை மறுத்தது. மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. உண்மை எதுவானாலும், தங்குமிடமும் ஆள்சேர்ப்பும் தனித்தனிக் கதைகள் அல்ல. விடுதியை நம்பி இயங்கும் ஆலைக்கு, குழந்தையில்லாத இளம்பெண்ணே தோதான தொழிலாளி.

முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைக்கு ஒரகடத்துக் காப்பகம் எப்படிப் பயன்படும்?