தொலைவில் கணினி, கையருகே வட்டு

தன் மேசைமேலுள்ள கோப்பைத் தானே எடுக்கவியலாத விந்தை நிலையொன்று 1990களில் அலுவலக ஊழியர்க்கு நேர்ந்தது. செலவைக் குறைக்க விரும்பிய நிறுவனங்கள் வேலை முழுவதையும் சேர்வர் எனப்படும் தலைமைக் கணினியிடம் ஒப்படைத்து, ஊழியர் முன்னே தின் கிளையன்ட் என்னும் எளிய முனையத்தை மட்டும் வைத்தன. திரையில் தோன்றுவது வெறும் படமே. செயல் நடப்பதோ தொலைவில். முனையத்தில் செருகிய வட்டு தலைமைக் கணினிக்குப் புலப்படாது.

மைக்ரோசொப்ட் 1998இல் வெளியிட்ட விண்டோஸ் டேர்மினல் சேர்வர் பதிப்பில் இக்குறை இருந்தது. அதன்மேல் ஏற்றப்படும் மெற்றாபிரேம் மென்பொருளில் சிட்ரிக்ஸ் நிறுவனம் இதற்கு வழி செய்திருந்தது. ஆயினும் ஒரு பெயர்ச் சிக்கல் எழுந்தது. இரு கணினிகளிலும் வட்டின் பெயர் ‘சீ’ என்பதே. எனவே தலைமைக் கணினி தன் ‘சீ’யை வைத்துக்கொண்டு, பயனாளியின் ‘சீ’யை ‘வீ’ என அழைத்தது. தன் வட்டையே பிறர் சூட்டிய பெயரால் தேடவேண்டியவரின் தடுமாற்றத்தைச் சொல்லவும் வேண்டுமோ! இதனைத் தவிர்க்கத் தலைமைக் கணினியின் வட்டையே ‘எம்’ எனப் பெயர் மாற்றும் வழியும் இருந்தது. விருந்தினருக்காக வீட்டுக்காரர் இடம்பெயர்ந்தது போலும்.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, மைக்ரோசொப்டின் சொந்தத் தொலைமேசை முறையிலும் இவ்வசதியைச் சேர்த்தது. பயனாளியின் வட்டு ‘ரீஎஸ்கிளையன்ட்’ என்னும் பெயரின்கீழ்த் தோன்றலாயிற்று. ஆனால் அவ்வாயில் இருபுறமும் திறப்பது. அலுவலகக் கோப்பு வீட்டு வட்டுக்கு நழுவலாம். வீட்டு வட்டின் நச்சுநிரல் அலுவலகத்துள் நுழையலாம். நம்பத்தகாத சேர்வரோ பயனாளியின் வட்டையே துருவிப் பார்க்கலாம். ஆதலின், வட்டைப் பகிரலாமா என இணைப்புக்கு முன் பயனாளியிடம் கேட்கும் வழக்கம் வந்தது. அவர் சம்மதித்தாலும், நிர்வாகி விரும்பின் ஒரே கட்டளையால் அவ்வாயிலை அடைத்துவிட முடியும்.