விண்ணப்பத்துக்கு முந்தைய வாசல்

பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816 அக்டோபர் 21ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பும் இருந்தது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக நாம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். அதே தீவில் ஒரு பல்கலைக்கழகம் எழுவதற்கு அதன் பிறகு 153 ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியைத் தூரம் குறைந்த கதையாகச் சொல்வது வழக்கம். முதலில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார்கள், பிறகு சிங்கப்பூருக்கு, பிறகு கோலாலம்பூருக்கு. கடைசியில் தீவிலேயே உள்ள கெலுகோருக்குப் பேருந்து ஏறினாலே போதும் என்றாயிற்று. அது பாதி உண்மைதான். பட்டப்படிப்பில் யாருக்கு இடம் என்பது எந்தக் காலத்திலும் பல்கலைக்கழக வாசலில் மட்டும் முடிவானதில்லை. அதற்கு முன்பே இன்னொரு வாசல் இருந்தது. பெரும்பாலோர் அங்கேயே நின்றுபோனார்கள். அந்த முந்தைய வாசல் எது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

நீரிணைக் குடியேற்றங்களின் அரசு 1885இல் மகாராணி உதவித்தொகையை ஏற்படுத்தியது. 1891 முதல் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் இங்கேயே நடந்தன. பினாங்கு ஃபிரீ ஸ்கூல் மாணவர் ஊ லியன் தே 1896இல் அந்த உதவித்தொகையை வென்று கேம்பிரிட்ஜுக்கு மருத்துவம் படிக்கப் போனார். பின்னாளில் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கிப் பெயர்பெற்றவர் அவர்தான். சிங்கப்பூரில் 1905இல் மருத்துவப் பள்ளி 23 மாணவர்களுடன் திறந்தது. 1928இல் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. திறமை இருந்தால் யாரும் போட்டியிடலாம் என்ற ஏற்பாடுதானே இது, இதில் என்ன குறை என்று கேட்கலாம். தேர்வைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலப் பள்ளிகள் நகரத்தில் இருந்தன. கடலுக்கு அக்கரையில், செபராங் பிறையின் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம்தான் பள்ளியைக் கட்டாயமாக்கியது. ஏழு முதல் பதினான்கு வயதுவரையான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும். அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பைத் தாண்டினால் மேலே ஏற ஏணி இல்லை. அங்கே படித்த பிள்ளை மகாராணி உதவித்தொகையை இழந்தது பதினெட்டு வயதில் அல்ல, ஏழு வயதில்.

1949இல் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று முழங்கிப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1956இல் அங்கே இந்தியவியல் துறை வந்தது. கூலித் தொழிலாளிகளின் காசும் சேர்ந்த நிதி அது. அதை நினைக்கும்போது பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. தமிழ் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு வழி இன்னும் திறக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு திறந்த வழியும் நீளமானது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்தவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்த பிறகே முதலாம் படிவத்துக்குப் போக முடிந்தது. ஏழைக் குடும்பத்துக்கு ஓராண்டு என்பது ஓராண்டுக் கூலி.

இந்தச் சூழலில்தான் பினாங்கு தனக்கொரு பல்கலைக்கழகம் கேட்டது. 1962இல் மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1967இல் சுங்கை ஆராவில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். 1969இல் பல்கலைக்கழகம் பிறந்தது. 1970இல் 57 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. அடிக்கல் நாட்டிய இடத்தில் அல்ல, பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்த மின்டனில் 1971இல் அது நிலைகொண்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயரும் அதே காலத்தில்தான் வந்தது. அந்த 1971ஆம் ஆண்டு வேறு பலவற்றுக்கும் தொடக்கம். புதிய பொருளாதாரக் கொள்கை அறிவிக்கப்பட்டது. மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்திரா மாணவர்களுக்கு உயர்கல்வி இடங்களை ஒதுக்க வழிசெய்யும் 8ஏ உட்பிரிவு அரசமைப்பின் 153ஆம் பிரிவில் சேர்ந்தது. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பம் வாங்கும் யூ.பி.யூ. என்ற மத்திய அமைப்பும் அந்தக் காலத்தில் உருவானதே. பல்கலைக்கழகம் தீவுக்கு வந்த கையோடு விண்ணப்பம் தீவைவிட்டுப் போனது.

மத்திய அமைப்பு தீமை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி, தெரிந்தவரைப் பிடித்து அலைவதைவிட ஒரே விண்ணப்பம் ஏழை மாணவனுக்கு நல்லது. ஒதுக்கீட்டுக்கும் வலுவான நியாயம் இருந்தது. 1960களில் மருத்துவம், பொறியியல், அறிவியல் துறைகளில் மலாய் மாணவர்கள் மிகக் குறைவு. மஜீத் இஸ்மாயில் அறிக்கை 1971இல் அதைத்தான் எடுத்துக்காட்டியது. கிராமத்து மலாய்ப் பிள்ளையையும் அந்த முந்தைய வாசல்தான் தடுத்திருந்தது. அவனுக்குக் கைகொடுத்தது சரியே. பிழை, கைகொடுப்பதற்கு இனத்தை அளவுகோலாக்கியதில் இருக்கிறது. அதே வறுமை, அதே தொலைவு, அதே பள்ளிக் குறை கொண்ட தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை அந்தக் கணக்கில் ‘பிறர்’ ஆகிவிட்டான். நகரத்து வணிகர் வீட்டுப் பிள்ளையும் அவனும் ஒரே பட்டியலில் நின்றார்கள்.

ஒதுக்கீடுதான் 2002இல் போய்விட்டதே, இனி என்ன குறை என்பது அடுத்த கேள்வி. அந்த ஆண்டு முதல் தகுதி முறை வந்தது. தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. ஆனால் அந்தத் தகுதியை இருவேறு பாதைகளில் வருகிறவர்களிடம் அளக்கிறார்கள். ஒன்று, ஆறாம் படிவத்தில் மூன்று தவணை படித்து எழுதும் எஸ்.டி.பி.எம். மற்றொன்று, கல்வி அமைச்சு நடத்தும் மெட்ரிகுலேஷன். வழக்கமாக ஓராண்டில் முடிவது. பினாங்கின் மெட்ரிகுலேஷன் கல்லூரி கப்பாளா பத்தாஸ் பகுதியில் இருக்கிறது. மெட்ரிகுலேஷனில் பத்தில் ஒன்பது இடம் பூமிபுத்திராவுக்கு. இந்திய மாணவர்களுக்கு 2012இல் 1,500 இடங்களும் 2018இல் 2,200 இடங்களும் அறிவித்தார்கள். 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கினார்கள், விகிதத்தைத் தொடவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ பெற்ற எவருக்கும் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தது நல்ல மாற்றம். ஆனால் பத்து ஏ வாங்கும் பிள்ளைக்கு வேறு வாசல்களும் உண்டு. ஆறு, ஏழு ஏ வாங்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் கதி அப்படியே இருக்கிறது. பல்கலைக்கழக வாசலில் நின்ற ஒதுக்கீடு ஓராண்டு பின்னால் போய் நிற்கிறது, அவ்வளவுதான். தனியார் கல்லூரிகள் இருக்கின்றனவே என்பார்கள். கெடாவில் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) முயற்சியால் 2001இல் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் சமூகத்துக்குப் பெரிய துணைதான். என்றாலும் கட்டணம் கட்டித் திறக்கும் கதவு அரசாங்கக் கதவுக்கு ஈடாகாது.

முந்தைய வாசலைத் திறந்து வைக்க முடியும் என்பதற்குச் சான்று பினாங்கிலேயே இருக்கிறது. அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே தொலைக்கல்விப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வேலையில் இருந்தபடியே, இளம் வயதில் வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் விண்ணப்பித்துப் பட்டம் பெற்றார்கள். ஒரு பல்கலைக்கழகம் பிறந்த சில ஆண்டுகளிலேயே இதைச் செய்ய முடிந்தது என்றால், ஒரே பல்கலைக்கழக இடத்துக்குப் போட்டியிடும் எல்லாருக்கும் ஒரே தேர்வு வைப்பதும், உதவியைக் குடும்ப வருமானம் பார்த்துக் கொடுப்பதும் முடியாத காரியங்கள் அல்ல. நாடாளுமன்றத்தில் நம் குரலாகப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை மெட்ரிகுலேஷன் இடம் என்று மட்டும் பேரம் பேசி நின்றுவிடக் கூடாது.