சுயாதீன கேம் விழா

சுயாதீன கேம் விழா, பெரிய வெளியீட்டு நிறுவனங்களைச் சாராமல் வீடியோ கேம் உருவாக்குவோருக்கு ஆண்டுதோறும் விருது வழங்கும் அமெரிக்க விழா. ஐஜிஎஃப் என்ற சுருக்கப் பெயரே துறையில் வழக்கு. திரைப்பட உலகின் சன்டான்ஸ் விழாவை முன்மாதிரியாகக் கொண்டு 1998இல் நிறுவப்பட்ட இவ்விழா, 1999இல் முதல் விருதுகளை வழங்கியது. கேம் உருவாக்குநர்களின் ஆண்டு மாநாடான ஜிடிசியின் ஓர் அங்கமாக இது நடக்கிறது. 2007 முதல் இதன் களம் சான் பிரான்சிஸ்கோ.

விழாவின் தலையாய விருது ஷேமஸ் மெக்னாலி என்ற கனடா இளைஞரின் பெயரைத் தாங்குகிறது. பெற்றோரும் தம்பியும் சேர்ந்து உழைத்த லாங்போ என்ற குடும்ப நிறுவனத்தில் அவர் உருவாக்கிய ‘டிரெட் மார்க்ஸ்’, பீரங்கி வண்டிகள் பந்தயம் ஓடிச் சண்டையிடும் கேம். 2000 மார்ச்சில் அதற்குத் தலையாய விருது கிடைத்தது. அதே மாதத்தில் அவர் ஹாட்ஜ்கின் வகைப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டிலிருந்து விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது.

காட்சிக் கலை, ஒலி, வடிவமைப்பு, கதைசொல்லல், மாணவர் படைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி விருதுகள் உண்டு. எந்த வகையிலும் அடங்காத சோதனை முயற்சிகளுக்கு ‘நுவோவோ’ விருது. கட்டணம் செலுத்தி எந்த நாட்டினரும் போட்டியிடலாம். நடுவர்கள் விளையாடிப் பார்த்து இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அனுப்பிய கேமைச் சில நடுவர்கள் சரியாக விளையாடிப் பார்ப்பதே இல்லை என்ற புகார் அவ்வப்போது எழுந்ததுண்டு. ‘ஃபெஸ்’ 2008இல் காட்சிக் கலை விருதையும், நான்கு ஆண்டுகள் கழித்துத் தலையாய விருதையும் வாங்கியபோது, ஒரே கேம் இருமுறை போட்டியிடலாமா என்றும் பலர் கேட்டனர்.

தலையாய விருதின் பரிசுத்தொகை சில ஆண்டுகளில் 30,000 டாலர்வரை இருந்திருக்கிறது. ஒரு கேமை உருவாக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். விருதால் கிடைக்கும் கவனமே பெரிது. 2011இல் வென்ற ‘மைன்கிராஃப்ட்’ அப்போது முழுமைகூடப் பெற்றிருக்கவில்லை. 2014இல் மைக்ரோசாஃப்ட் அதன் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் இந்த வெற்றியை அளவுகோலாக வைத்து விழாவை மதிப்பிடுவது பொருந்தாது. எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு சரிபார்க்கும் அலுவலரின் சங்கடத்தைக் கேமாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2014) போன்றவற்றை அடையாளம் கண்டதில்தான் அதன் தனித்தன்மை தெரிகிறது. அதை உருவாக்கிய லூகாஸ் போப் 2019இல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ மூலம் மீண்டும் வென்றார்.

2024இல் தலையாய விருது தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதைக்குச் சென்றது. டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கி 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’, 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியையும் மகன் கவினையும் பற்றியது. வடிவமைப்பாளர் அபி. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த கேமில் சண்டையோ மதிப்பெண்ணோ கிடையாது, சமையல்தான் விளையாட்டு. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கும்; விடுபட்ட படிகளை விளையாடுபவர் ஊகிக்க வேண்டும். தொடக்கத்தில் வருவது இட்லி. தட்டுகளை எந்த வாகில் அடுக்கினால் எல்லாக் குழிக்கும் ஆவி போகும் என்பதே புதிர். நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் வேலை, இட்லிப் பானையையே பார்த்திராத ஒருவருக்கு யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாகிறது. பின்னால் வரும் புட்டிலும் மாவையும் தேங்காய்த் துருவலையும் குழலில் மாற்றி மாற்றி நிரப்பும் வரிசைதான் சிக்கல். சமைக்கும்போது வானொலியில் ஒலிக்கும் பாட்டுகள், அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் பாணியில் கேமுக்கென்றே அமைக்கப்பட்டவை. மகன் தமிழிலிருந்து விலகிச் செல்வதும், அதை அம்மா உணர்வதும் உணவு வழியாகவே சொல்லப்படுகின்றன. கதை கனமானது என்றாலும் பிரசங்கத் தொனி எட்டிப்பார்ப்பதில்லை. அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதும் ‘வெண்பா’வுக்குக் கிடைத்தது.

இந்தியாவிலேயே உருவான சுயாதீன கேம்களில் பன்னாட்டுக் கவனம் பெற்றவற்றுள் ஒன்று, புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’. 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி தோற்றபின்னும் குழுவினர் கைவிடாமல் முடித்த இந்த கேம், 2020இன் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுக கேமுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. உள்நாட்டு உருவாக்குநர்கள் கூடும் முக்கிய மேடை, பல ஆண்டுகள் ஐதராபாத்தில் நடந்துவந்த இந்திய கேம் உருவாக்குநர் மாநாடு. அங்கும் விருதுகள் வழங்கப்படுகின்றன.